தலைவருக்கு நினைவு தப்புதா? மேடைப் பேச்சை விடுங்க, கையெழுத்தைப் பாருங்க

குடியாத்தம் தறி

ஊர் பேரும் ஆள் பேரும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். குடியாத்தம் பக்கம் ஒரு ஊராட்சி. தலைவருக்கு 76 வயசு. மே 1 கிராம சபையில ஒரே தீர்மானத்தை ரெண்டு தடவை படிச்சார். முன்னாடியே படிச்சாச்சுன்னு அவருக்கே தெரியலை. பைப்லைன் வேலையை ஒருத்தருக்குத் தர்றேன்னு சொன்னவர், அதே வாரத்துல இன்னொருத்தருக்கும் வாக்கு கொடுத்திருக்கார். இப்போ 40 செகண்ட் வீடியோ ஒண்ணு வாட்ஸ்அப்ல சுத்துது: பேச்சு நடுவுல நின்னுட்டு, பக்கத்துல இருக்கிறவரைத் திரும்பிப் பார்க்கிறார். எதிர் கோஷ்டி “மூளை போச்சு, இறக்குங்க”ங்குது. அவர் ஆளுங்க “வயசானா மறக்காதா?”ங்கிறாங்க.

வீடியோவை வெச்சு ஏதாவது சொல்ல முடியுமா? டாக்டர்கிட்ட போனா என்ன பார்ப்பாங்க? நிஜமாவே முடியலைன்னா சட்டத்துல என்ன வழி? மூணுக்கும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாகாயம் மேடு

வீடியோவைத் தூக்கி ஓரமா வைங்க. 40 செகண்ட்ல பேச்சு நிக்க ஆயிரம் காரணம் இருக்கு. மைக் எதிரொலி, காதுல அழுக்கு, ராத்திரி தூக்கமில்லாதது, லூசான பல்செட். யாரோ முன்னும் பின்னும் வெட்டி ஒட்டியிருக்கவும் கூடும்.

ஆனா நீங்க எழுதின மத்த ரெண்டும் கவனிக்க வேண்டியது. பேர் சட்டுனு வாயில வராம, அரை மணி கழிச்சு ஞாபகம் வந்தா அது வயசு. படிச்சதே மனசுல பதியாம போறது, பதியலைங்கிற உணர்வும் இல்லாம இருக்கிறது வேற. ரெண்டு பேருக்கு வாக்கு கொடுத்தது அரசியலாவும் இருக்கலாம் (நம்ம ஊர்ல அதுக்கு நோய் தேவையில்லை). தெரிஞ்சே கொடுத்தாரா, மறந்து கொடுத்தாரா என்பதைப் பிரிச்சுப் பாருங்க.

முதல் கேள்வி “எவ்வளவு மறக்கிறார்” இல்லை, “எப்போலேருந்து” என்பதுதான்.

மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ திடீர்னு வந்து, காலையில தெளிவு மாலையில குழப்பம்னு ஏறி இறங்கினா அது டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால வர்ற திடீர்க் குழப்பம். காரணம் இதுல ஏதாவது இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நீர் வத்திப்போறது, சர்க்கரை இறங்குறது, புது மாத்திரை. இது அவசர வைத்தியம், அரசியல் விவாதம் இல்லை.

சில வாரங்கள்ல வந்ததுன்னா தலையில அடிபட்டதான்னு கேளுங்க. பைக்ல பின்னாடி உட்கார்ந்து போய் லேசா விழுந்திருப்பார், யாரும் பெருசா எடுத்திருக்க மாட்டாங்க. வயசானவங்களுக்கு, அதுவும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு, மண்டை ஓட்டுக்கு அடியில மெல்ல ரத்தம் சேர்ந்து மூணு நாலு வாரம் கழிச்சுக் குழப்பமா வெளிப்படும். சாதா சிடி ஸ்கேன்லயே தெரிஞ்சுடும். துளை போட்டு வடிச்சா பெரும்பாலும் தேறிடுவாங்க.

வருஷக்கணக்குல மெல்ல மெல்ல வந்தா அல்சைமர் பக்கம் யோசிக்கணும். படி படியா இறங்கினா, அதாவது ஆறு மாசம் ஒரே மாதிரி இருந்து திடீர்னு ஒரு படி இறங்கி மறுபடி நின்னா, சின்னச் சின்ன பக்கவாதங்களால வர்றது. நடை தரையில ஒட்டின மாதிரி ஆகி, சிறுநீர் அடக்க முடியாம, கூடவே மறதியும் வந்தா மூளையில நீர் தேங்குற நோய். அதுக்குக் குழாய் வெச்சு வடிக்கிற ஆபரேஷன் இருக்கு. இல்லாத மனுஷங்களைப் பார்க்கிறதும் நாளுக்கு நாள் தெளிவு மாறுறதும் லூயி பாடிங்கிற மறதி நோய் வகை. மறதியே இல்லாம மேடையில கூசாம அசிங்கமாப் பேசுறது, கண்டபடி செலவு பண்றதுன்னு குணம் மட்டும் மாறினா மூளையின் முன்பகுதி தேயுற வகை. அது 45-லேருந்து 65 வயசுக்குள்ளயே அதிகம் வரும். அதனால “அவர் சின்ன வயசு, அவருக்கு ஒண்ணும் இல்லை”ங்கிற பேச்சும் செல்லாது.

மக்கன் பேடா

சார் சொன்னதோட மாத்திரைப் பையையும் சேர்த்துக்கோங்க. தலைவர்மாருங்க பையில இருக்கிறதைக் கொட்டிப் பார்த்தா பாதி விஷயம் அங்கேயே கிடைக்கும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா சாப்பிட்டா பி12 வைட்டமின் குறையும், அதாலயும் மறதி வரும். 200 பிகோகிராமுக்குக் கீழ போனா குறைபாடுன்னு எடுத்துக்கிட்டு 1000 மைக்ரோகிராம் ஊசி போடுவாங்க. பிரஷருக்குக் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை இருந்தா சோடியம் பார்க்கணும். 135-லேருந்து 145 இருக்கணும், 125-க்குக் கீழ இறங்கினா ஆள் உளறுவார். தூக்கத்துக்கு அல்பிரசோலாம், சிறுநீர் அடிக்கடி போகுதுன்னு ஆக்ஸிபியூட்டினின், சளிக்குத் தூக்கம் வர்ற மாத்திரை, இது மூணும் ஒண்ணா ஓடினா 50 வயசு ஆளுக்கே தடுமாறும். ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு டாக்டர் எழுதியிருப்பார். மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். தானா நிறுத்திடாதீங்க, அல்பிரசோலாமைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பே வரலாம்.

பிரச்சாரத்துல அடிக்கடி தப்புறது இன்னொண்ணு. காலையில சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைட் போட்டுட்டு, மதியம் மூணு மணி வரைக்கும் சாப்பாடு இல்லாம வேன்ல நிக்கிறது. வேலூர் மே மாச வெயில் 40 டிகிரியைத் தாண்டும், சொல்லவே வேணாம். சர்க்கரை 70-க்குக் கீழ போனா நாக்கு குழறும், வேர்க்கும், சொன்னதையே சொல்வார், சிலர் கோபப்படுவாங்க. குளுக்கோமீட்டர்ல குத்திப் பார்த்து, முழிப்பா இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரை தண்ணியில, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பார்க்கணும். கார்ல மாலையும் சால்வையும் ஏத்துறவங்க ஒரு குளுக்கோமீட்டரும் வெச்சுக்கலாம்.

கோட்டை அகழி

எதுக்கு இவ்ளோ இன்னா இன்னான்னு? வேட்புமனுவோட 30-க்கு 26 மார்க் எடுத்த சீட்டு கட்டாயம்னு வெச்சுட்டா முடிஞ்சுது. பாதி சட்டசபை காலியாயிடும் 😀

பாகாயம் மேடு

காலியாகாது, அதுதான் சிக்கல். அகழி சொல்ற 30 மார்க், ஞாபகமும் கவனமும் பார்க்கிற மோகா டெஸ்ட், 2005-ல வெளியானது. பத்து நிமிஷ வேலை. கடிகாரம் வரைஞ்சு பதினொன்னு பத்துக்கு முள் வைக்கணும், அஞ்சு வார்த்தையைக் கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்லணும், 100-லேருந்து ஏழு ஏழாக் குறைக்கணும், மிருகப் படத்துக்குப் பேர் சொல்லணும். 26-ஓ அதுக்கு மேலயோ இருந்தா பொதுவா சரின்னு எடுத்துக்குவாங்க. 2018 ஜனவரியில டிரம்ப் 30-க்கு 30 எடுத்தார்னு வெள்ளை மாளிகை டாக்டர் அறிவிச்சதும் இதே டெஸ்ட்தான். அது சல்லடை, அவ்வளவுதான். ஆட்சி நடத்தும் தகுதிக்கான பரீட்சையா அதை யாரும் செய்யலை. தீர்ப்பு சொல்லும் நிதானம், பணத்துல ஏமாறாம இருக்கிறது, எதிர்ப்பைக் கேட்டு மனசை மாத்திக்கிறது எதுவும் அதுல இல்லை. கெட்டிக்காரத் தலைவர் ஆரம்பக் கட்ட நோயோடயே 27 எடுத்துட்டுப் போயிடுவார்.

மறுபக்கம், அஞ்சாவது வரைக்கும் படிச்ச ஊராட்சித் தலைவர் நல்ல தெளிவோட இருந்தும் 20 எடுப்பார். 12 வருஷமோ அதுக்குக் குறைவாவோ படிச்சவங்களுக்கு ஒரு மார்க் சேர்க்கச் சொல்வாங்க, ஆனா எழுதவே பழகாத கைக்கு அந்த ஒண்ணு போதாது. படிப்பு குறைஞ்சவங்களுக்குன்னு தனியா மோகா பேசிக் இருக்கு. அதே தாளை மாசா மாசம் கொடுத்தா பதில் மனப்பாடம் ஆயிடும், அதுக்காகவே மாத்து வடிவங்களும் வெச்சிருக்காங்க. எந்த வடிவம் கொடுத்தாங்கன்னு சொல்லாம மார்க்கை மட்டும் சொன்னா அதுக்கு மதிப்பில்லை.

காட்பாடி ஜங்ஷன்

பேச்சை வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுன்னு ஒரேயடியா ஒதுக்க முடியாது. முறையாச் செஞ்சா கொஞ்சம் தெரியும். 2015-ல அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க அதிபரா இருந்த ரீகனோட பத்திரிகையாளர் சந்திப்புகளையும் அவருக்கு அடுத்து வந்த மூத்த புஷ்ஷோடதையும் எடுத்து ஒப்பிட்டாங்க. ரீகன் பேச்சுல வருஷம் போகப் போக தனித்தனிச் சொற்களோட எண்ணிக்கை குறைஞ்சுது, “அது, இது, அந்த விஷயம்” மாதிரி பொத்தாம்பொதுச் சொற்கள் கூடுச்சு. புஷ்கிட்ட அப்படி இல்லை. ரீகன் 1989 ஜனவரியில பதவி முடிச்சார், தனக்கு அல்சைமர்னு ஊருக்குக் கடிதம் எழுதினது 1994 நவம்பர்ல.

அவங்க எடுத்தது எழுதி வெச்ச உரையை இல்லை, கேள்வி பதிலை. நம்ம தலைவர் விஷயத்துலயும் அப்படித்தான் பார்க்கணும். சீட்டுப் பார்க்காத பேச்சு, அஞ்சு வருஷம் முன்னாடி இருந்த அதே மாதிரிக் கூட்டம், வெட்டாத முழு நீளம், குறைஞ்சது நாலஞ்சு பதிவு. ஊர்ப் பேரும் ஆள் பேரும் எங்கே “அந்த ஆளு, அங்க”ன்னு மாறுதுன்னு எண்ணுங்க. அப்பவும் அது சந்தேகத்தைத்தான் கூட்டும், நோய்க்குப் பேர் வைக்காது.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. நாக்கு குழறுறது வேற, யோசனை தடுமாறுறது வேற. எம்.ஜி.ஆர். 1984 அக்டோபர்ல சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில சேர்ந்தார், பக்கவாதமும் வந்துச்சு, புரூக்ளின்ல மாற்றுச் சிறுநீரகம் வெச்சாங்க. அங்கே படுத்திருக்கும்போதே டிசம்பர் தேர்தல்ல ஆண்டிபட்டியில ஜெயிச்சு, 1985 பிப்ரவரியில பதவி ஏத்தார். அதுக்கப்புறம் பேச்சு தெளிவா வரவே இல்லை. பேச்சு போனதை வெச்சு அறிவும் போச்சுன்னு சொல்றதுக்கு மருத்துவத்துல ஆதாரம் கிடையாது. பார்க்கின்சன்ங்கிற நடுக்க நோய் வந்தவங்க முகம் பொம்மை மாதிரி அசையாம, குரல் கம்மி இருக்கும். உள்ளே ஆள் முழுத் தெளிவோட இருக்கலாம்.

குடியாத்தம் தறி

எல்லாம் சரி அண்ணா. ஆனா அவர்கூடவே இருக்கிறவங்க எல்லாரும் “ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கார்”ங்கிறாங்க. பொய் சொல்ற மாதிரியும் தெரியலை.

பாகாயம் மேடு

பொய் சொல்ல மாட்டாங்க, நிஜமாவே அப்படித்தான் நம்புவாங்க. இதுக்கு நம்ம ஊர்லயே ஆதாரம் இருக்கு. 10/66 ங்கிற உலகளாவிய டிமென்ஷியா (மறதி நோய்) ஆய்வுல வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் சேர்த்தி, சிஎம்சி மனநலத் துறையினர் நடத்தினாங்க. அமெரிக்க வழக்கப்படி, அன்றாட வேலை கெட்டிருக்குன்னு வீட்டார் சொன்னாத்தான் நோய்னு கணக்கு வெச்சா, நம்ம கிராமங்கள்ல நோயே இல்லாத மாதிரி எண்ணிக்கை ரொம்பக் கம்மியா வந்துச்சு. நேரடியா சோதிச்சா பல மடங்கு கூடுச்சு. காரணம் எளிமை. தாத்தாவுக்கு மருமக தட்டுல சோறு போடுறா, பேரன் மாத்திரை எடுத்துத் தர்றான், ரேஷனுக்கு மகன் போறான். செய்ய வேண்டிய வேலையே இல்லாதவருக்கு வேலை கெட்டது எப்படித் தெரியும்?

தலைவரும் அந்தத் தாத்தா இடத்துலதான் இருக்கார். காரை டிரைவர் ஓட்டுறார், போனை உதவியாளர் எடுக்கிறார், வந்தவர் பேரைக் காதுல ஒருத்தர் சொல்றார், பேச்சை ஒருத்தர் எழுதித் தர்றார். மத்தவங்களைவிடப் பிந்தித்தான் அவர் நோய் வெளியே வரும். வர்றப்போ மொத்தமா வரும்.

அதனால கூட இருக்கிறவங்ககிட்ட “நல்லா இருக்காரா”ன்னு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பத்து வருஷம் முன்னாடி தானா செஞ்சு இப்போ நீங்க செஞ்சு தர்ற வேலை எதுன்னு கேளுங்க. டாக்டருங்க வீட்டார்கிட்ட கேட்கிற கேள்வித்தாள்ல 16 கேள்வி இப்படித்தான், பத்து வருஷத்தோட ஒப்பிட்டு வரும்: போன வாரம் நடந்ததை நினைவு வெச்சிருக்கிறது, பணக் கணக்கு, புது சாமானைப் பழகிக்கிறது. நோயாளியோட மார்க்கைவிட இது படிப்பு வித்தியாசத்துல கம்மியாத்தான் ஆடும்.

பிடிஓ ஆபீஸ் வேப்பமரம்

மருத்துவத்தை அவங்க பார்த்துக்கட்டும். ஊராட்சியில தெரிய வேண்டியது காகிதத்துல தெரியும். மேடையைப் பார்க்கிறவன் ஏமாறுவான், கோப்பைப் பார்க்கிறவன் ஏமாற மாட்டான்.

தீர்மானப் புத்தகத்தை மூணு வருஷம் பின்னோக்கிப் புரட்டுங்க. ஒரே வேலைக்கு ரெண்டு தீர்மானம், ஏற்கெனவே பில் போட்ட வேலைக்கு மறுபடி அனுமதி, தேதி முன்னே பின்னே. கையெழுத்து எழுத்து சிறுத்துக்கிட்டே போனா அது பார்க்கின்சன் பக்கம், டாக்டர்கிட்ட சொல்லுங்க. கோடு தாண்டி அலையுறது, பேர்ல எழுத்து விட்டுப் போறது இதையும் குறிச்சு வைங்க. எல்லாத்தையும்விட மோசம், மூணு வருஷமா நடுங்கின கையெழுத்து திடீர்னு அச்சு மாதிரி அழகாயிட்டா. அது குணமானது இல்லை, வேற கை.

தமிழ்நாட்டுல கிராம ஊராட்சிக் காசோலையில தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடணும். அந்த இரட்டைப் பூட்டு இதுக்குத்தான். ஆனா நடைமுறையில என்ன ஆகும்னா, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகம் யாரோ ஒருத்தர் பீரோவுல இருக்கும். நிதிக்குழு மானியம் இப்போ மின்னணு வழியா, டிஜிட்டல் கையொப்பத்தோட போகுது. அந்தப் பென்டிரைவ் சாவியும் பின் நம்பரும் யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. தலைவர்கிட்ட இல்லைன்னா, ஊராட்சி யார் கையில இருக்குன்னு தெரிஞ்சுடும். அவருக்கு நோய் இருக்கா இல்லையாங்கிறதே அப்புறம் ரெண்டாம்பட்சம்.

வார்டு உறுப்பினர் செய்யக்கூடியது: தீர்மானத்தை மன்றத்துல சத்தமாப் படிச்சு, தலைவர் தன் வாயால “இது இந்த வேலைக்கு, இவ்வளவு தொகை”ன்னு சொன்ன பிறகு பதியச் சொல்றது. வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், வவுச்சர் மூணும் ஒத்துப்போகாம காசோலை எழுதக் கூடாதுன்னு எழுத்துல கேட்கிறது. ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர்தான், மனு அவருக்குப் போகணும். மனுவுல “மூளை கலங்கிட்டார்”னு ஒரு வார்த்தை எழுதாதீங்க. தேதி, தீர்மான எண், தொகை, முரண் இது மட்டும். அப்போதான் கோப்பு நகரும்.

சத்துவாச்சாரி வக்கீல்

வேப்பமரம் சார் சொன்ன கடைசி வரிக்குச் சட்டக் காரணமும் இருக்கு. 2017 மனநல மருத்துவச் சட்டம், பிரிவு 3: மனநோய் இருக்குன்னு தீர்மானிச்சதாலேயே ஒருத்தர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிட மாட்டார், தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிச்சாத்தான். பிரிவு 24: அவர் சம்மதம் இல்லாம அவருடைய மனநோய் பற்றிய தகவலையோ படத்தையோ ஊடகத்துக்குத் தரக் கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்து குரூப்ல போடலாம்னு நினைக்கிறவங்க கவனிக்கவும்.

எம்எல்ஏவுக்கு அரசியலமைப்பின் 191(1)(b), எம்பிக்கு 102(1)(b). ரெண்டுலயும் அதே நிபந்தனைதான்: சித்தசுவாதீனம் இல்லாதவர்னு நீதிமன்றம் அறிவிச்சிருக்கணும். இடைப்பட்ட நிலைக்கு, அதாவது ஆள் கையெழுத்துப் போடுவார் ஆனா எதுக்குன்னு தெரியாதுங்கிற நிலைக்கு, சட்டத்துல இடமே இல்லை. குடியரசுத் தலைவர் நோயுற்றா துணைத் தலைவர் பார்த்துக்கணும்னு 65(2) சொல்லுது. பிரதமருக்கும் முதல்வருக்கும் அப்படி ஒரு வரி கிடையாது. 2016-ல ஜெயலலிதா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஆளுநர் 166(3)-ஐ வெச்சு அவர் இலாகாக்களை ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாத்தினார், அதுவும் முதல்வர் ஆலோசனைப்படின்னு அறிவிப்பு வந்துச்சு. படுக்கையில இருக்கிறவர் ஆலோசனை சொன்னது எப்படின்னு ஊரே கேட்டுச்சு. அதே சமயத்துல திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் ஒதுக்குற படிவங்கள்ல ஜெயலலிதா பேர்ல வெச்ச கைரேகை விவகாரம் 2019 மார்ச் வரைக்கும் போய், உயர் நீதிமன்றம் அந்த வெற்றியையே செல்லாதுன்னுச்சு.

வேட்பாளர் பிரமாணப் பத்திரத்துல, அதாவது படிவம் 26-ல, வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் கேட்பாங்க. உடல்நலம் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்றத்துல 65-ல ஓய்வு, தேர்தல்ல ஜெயிச்சு வர்றவங்களுக்கு அப்படி ஒரு வயசு வரம்பு இல்லை.

குடும்பத்துக்கு ஒண்ணு. பவர் பத்திரம் எழுதி வாங்கிட்டாப் போதும்னு நினைக்காதீங்க. ஒப்பந்தச் சட்டம் 201-ன்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தா பவரும் முடிஞ்சு போச்சு. அதுவும் அவரோட சொந்தச் சொத்துக்குத்தான், பதவியை யாரும் பவர் எழுதித் தர முடியாது.

கோட்டை அகழி

அப்போ அமெரிக்கா மாதிரி ஒரு சட்டம் போட்டா? அங்க 25-வது திருத்தம் இருக்கே.

காட்பாடி ஜங்ஷன்

இருக்கு, 1967-லேருந்து. துணை அதிபரும் அமைச்சர்கள்ல பெரும்பான்மையும் சேர்ந்து “இவரால முடியலை”ன்னு எழுதித் தரலாம்ங்கிற நாலாவது பிரிவை இன்னைக்கு வரைக்கும் யாரும் தொட்டதில்லை. பதவி கொடுத்தவரையே இறக்கணும்னா எந்த அமைச்சர் முன்வருவார்? 2024-ல பைடன் விலகினதும் அந்தப் பிரிவால இல்லை. ஜூன் 27 விவாதத்தை நாடே பார்த்துச்சு, கட்சிக்காரங்க நெருக்கினாங்க, ஜூலை 21-ல மறுபடி போட்டியிடலைன்னார். அப்பவும் பதவிக்காலம் முடியிற வரைக்கும் அதிபரா இருந்தார்.

டாக்டர் சீட்டை வெச்சு இறக்குற வழி வேணும்னு கேட்கிறவங்க துனிசியாவைப் பார்க்கணும். 1987 நவம்பர் 7 விடியறதுக்குள்ள ஏழு டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழோட, 84 வயசு அதிபர் புர்கிபாவைப் பிரதமர் பென் அலி இறக்கினார். இறக்கினவரே 2011 ஜனவரி வரைக்கும் நாற்காலியை விடலை. கிழவருக்கு நிஜமாவே தள்ளாமைதான், அதுல பொய்யில்லை. ஆனா சீட்டு யார் கேட்டு எழுதினதுங்கிறதுதான் முக்கியம். குடியாத்தம் எதிர் கோஷ்டி கையில அப்படி ஒரு சீட்டு கிடைச்சா என்ன செய்வாங்கன்னு யோசிங்க.

நம்ம நாட்டுல முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் விஷயமும் இருக்கு. 2009-ல உடல்நிலையைச் சொல்லிக் கட்சி சீட்டு மறுத்துச்சு, சுயேச்சையா நின்னு தோத்தார், சில மாசத்துலயே மாநிலங்களவைக்கு அனுப்பினாங்க. அல்சைமர் முத்தின பிறகு அவரை யார் பார்த்துக்கிறதுன்னு குடும்பம் டில்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. மக்களவைக்கு முடியாதவர் மாநிலங்களவைக்கு முடிஞ்சது எப்படின்னு இன்னும் எனக்குப் புரியலை.

குடியாத்தம் தறி

அவர் மகன்கிட்ட பேசியாச்சு. எதிர் கோஷ்டி பேச்சை எடுக்காம, சர்க்கரை, மாத்திரைன்னு மட்டும் பேசினதால கேட்டுக்கிட்டார். கூட்டிட்டுப் போறேன்னிருக்கார். எங்கே, என்ன எடுத்துட்டுப் போகணும்?

பாகாயம் மேடு

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, சிஎம்சியோ, எது வசதியோ அது. முதல்ல பொது மருத்துவர், அப்புறம் நரம்பியல். “மெமரி டெஸ்ட்”னு சொல்லிக் கூப்பிட்டா வர மாட்டார். வருஷாந்திர செக்கப்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்லை.

எடுத்துட்டுப் போக வேண்டியது: வீட்டுல இருக்கிற அத்தனை மாத்திரை அட்டையும் ஒரே பையில, கடையில தானா வாங்கினதையும் சேர்த்து. மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இருந்தா அதுவும் (ரெண்டும் இல்லாம உட்கார வெச்சு மார்க் போட்டா அது பொய் மார்க்). எப்போ என்ன நடந்துச்சுன்னு தேதியோட ஒரு பக்கம் எழுதி, அவர் முன்னாடி வாசிக்காம டாக்டர் கையில கொடுக்கணும். ரத்தத்துல ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், கிரியாட்டினின், தைராய்டு, பி12, கூடவே தலைக்கு சிடி அல்லது எம்ஆர்ஐ. மனச்சோர்வு இருக்கான்னும் கேட்கச் சொல்லுங்க. மனைவி இறந்த பிறகு மறதி வந்தவங்கள்ல பலருக்கு அதுதான் காரணம்.

காலை வேளைக்கு நேரம் வாங்குங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.

பிடிஓ ஆபீஸ் வேப்பமரம்

போறதுக்கு முதல் நாளே அந்தப் பென்டிரைவையும் காசோலைப் புத்தகத்தையும் ஊராட்சி ஆபீஸ் பீரோவுல வெச்சுப் பூட்டச் சொல்லுங்க. சாவி மகன்கிட்டயும் வேணாம்.